கேள் என்றால் போதுமா?

மொழித்திறன்கள் நான்கினுள் கேட்டலை முதலில் வைப்பது மரபு. வகுப்பறையில் அதற்குக் கிடைப்பதோ கடைசி இடம். படிக்கக் கற்பிக்கிறோம், எழுதக் கற்பிக்கிறோம், பேசவும் பயிற்சி தருகிறோம். கேட்பதற்கு மட்டும் "பேசாமல் உட்காருங்கள், கவனியுங்கள்" என்று ஆணையிட்டு முடித்துவிடுகிறோம். ஏழு வயதுப் பிள்ளைக்குக் 'கவனி' என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எப்படித் தெரியும்? கைகட்டி, வாயில் விரல் வைத்து அமர்ந்திருக்கும். மனம் மட்டும் உணவு இடைவேளையில் இருக்கும்.

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்று, இரண்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்ற இந்தியர்கள் ஏறத்தாழ 28 விழுக்காட்டினரே. இந்தியர் அனைவரும் தமிழர் அல்லர் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், பல பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும் முதன்மையான இடம் வகுப்பறைதான் என்பது தெளிவு. அந்த நேரத்தையும் வெறும் அமைதியில் கழித்தால், காது பழகாத ஒலியை வாய் எங்கிருந்து கொண்டுவரும்?

ஆகவே, கேட்கும் முன்பே பிள்ளைக்கு ஒரு வேலை தந்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஒலியிலிருந்து தொடங்கலாம். 'புலி' என்றால் விரல்களை நகம்போல் விரிக்க வேண்டும். 'புளி' என்றால் முகத்தைச் சுளிக்க வேண்டும். மாற்றி மாற்றி, விரைவாகச் சொல்வேன். பிறகு பல்லி, பள்ளி. வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளையும் இதில் தனக்குப் புரிந்ததைக் காட்டிவிடும். உடலசைவால் மறுமொழி தரச்செய்யும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களிலேயே வளர்த்தெடுத்தார். கரி, கறி போன்ற இணைகளை நான் இதில் சேர்ப்பதில்லை. நம் அன்றாடப் பேச்சில் ரகர றகர ஒலி வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. காதுக்கு எட்டாததைக் கேள் என்பது நியாயமன்று. அதை எழுத்துப் பாடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கதை. "கதையைக் கேளுங்கள், பிறகு கேள்வி கேட்பேன்" என்பது பிள்ளைக்குத் தேர்வாகவே தோன்றும். அதைவிட, தெரிந்த கதையைத் தப்பும் தவறுமாகச் சொல்வது மேல். "பாட்டி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள், குருவி வந்து திருடியது" என்று தொடங்கிப் பாருங்கள். வகுப்பே "இல்லை டீச்சர், வடை! காக்கா!" என்று எழுந்து நிற்கும். ஒரு சொல்லும் தப்பாது.

இவற்றைவிடக் கடினமானது, பிறர் சொல்வதைக் கேட்பது. திங்கட்கிழமைகளில் இருவர் இருவராக அமர்ந்து வார இறுதியைப் பற்றிப் பேசுவார்கள். வகுப்பின்முன் தன் கதையைச் சொல்லக்கூடாது. நண்பனின் கதையைத்தான் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் "நீ சொன்னது இதுதானே?" என்று நண்பனிடமே கேட்க வேண்டும். முதல் சில வாரங்கள் "மறந்துட்டேன் டீச்சர்" என்பதே பெரும்பாலோரின் பதிலாக இருக்கும். பொறுத்திருந்தால் பலன் உண்டு.

ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கும் தம்பி தங்கையருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் கேட்கும் விதத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கேட்கப் பழகுகிறார்கள். "தாத்தா ஹாஸ்பிட்டல்ல இருக்காங்க டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "மருத்துவமனை என்று சொல்" எனத் திருத்துவது எளிது. தன் துயரம் காதில் ஏறவில்லை, ஓர் ஆங்கிலச் சொல்தான் ஏறியது என்பதைப் பிள்ளை உடனே உணர்ந்துகொள்ளும். மறுநாள் பேசாது. "அடடா, தாத்தாவுக்கு என்ன ஆச்சு?" என்று முதலில் கேட்போம். "மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தாயா?" என்பதை அடுத்துச் சேர்த்தால் அந்தச் சொல்லும் தானாகச் சென்று சேரும்.

வினா எழுப்பியபின் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு வினாடியே காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோவ் 1970களில் கண்டறிந்தார். மூன்று வினாடி காத்திருந்தபோது விடைகள் நீண்டன. வாய் திறவாத பிள்ளைகளும் பேசினர். ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் சொல் தேடும் நம் பிள்ளைகளுக்கு ஐந்து வினாடிகூடத் தேவைப்படலாம்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ்த்தாளில் கேட்டலுக்குப் பத்து விழுக்காடு உண்டு. அதற்காகத் தொடக்கநிலை ஆறில் ஒலிப்பதிவுகளை ஓடவிட்டுப் பயிற்சி தருகிறோம். அது அளவுகோல், அளவுகோலால் அளந்தால் செடி வளராது.

திருக்குறளின் 42ஆம் அதிகாரம் 'கேள்வி'. அங்கே அச்சொல்லுக்குக் கேட்டறிதல் என்பது பொருள். இன்றைய வழக்கில் அதுவே வினாவும் ஆகும். பிள்ளைகளிடம் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. ஆதலால், "எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்ற வாக்கியத்தை ஆண்டின் முதல் வாரத்திலேயே பழக்கிவிடுகிறேன். வகுப்பில் சத்தம் கூடத்தான் செய்யும். அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.