சட்பரிக்கு எந்த ரயர்?

அன்பு மகள்,

வேலை பிடித்துப்போனதும், ஆஸ்பத்திரிக்குக் கிட்டவே அபார்ட்மென்ட் கிடைத்ததும் பெரியம்மாவுக்கு நல்ல சந்தோசம். நீ கேட்ட ரயர் விசயத்தை ஃபோனில் கதைத்தால் “ஓம், ஓம்” என்று கேட்டுவிட்டு மறந்துபோவாய். அதுதான் எழுதுகிறேன்.

ஓல் வெதர் ரயரே காணும் என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஸ்காபரோவில் இருக்கிற உன் அண்ணாவுக்கு நானும் அதைத்தான் போடச் சொன்னேன். அவன் கார் நிலத்தடிப் பார்க்கிங்கில் நிற்கும். ஸ்நோ கொட்டினால் வீட்டிலிருந்தே வேலை செய்வான். அவனுடைய தெருவுக்கு உப்பு வண்டியும் கெதியாக வந்துவிடும். உன் கதை வேறு. காலை ஏழு மணி ஷிஃப்ட் என்றால், ஸ்நோ தள்ளுகிற வண்டி வந்ததோ இல்லையோ, நீ ஆறரைக்குத் தெருவில் நிற்கவேண்டும். மோசமான நாளில் காரை எடுக்காமல் இருக்க உன்னால் முடியுமா? விலை, பிராண்ட் எல்லாம் பார்க்க முதல் இதைத்தான் யோசிக்கவேண்டும். உன்னால் முடியாது. அப்படியென்றால் வின்ரர் ரயர்தான்.

இப்போது உன் காரில் கிடப்பது ஓல் சீசன். அதை ஓல் வெதரோடு குழப்பிக்கொள்ளாதே. வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் ஓல் சீசனின் ரப்பர் இறுகத் தொடங்கும், மார்கழியில் போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் உறைகிற மாதிரி. ஸ்நோ ஒரு பொட்டும் இல்லாத காய்ந்த தெருவில்கூட அந்த ரப்பருக்குப் பிடி குறைவு. வின்ரர் ரயரின் கலவை கடுங்குளிரிலும் இளக்கமாக இருக்கும். அதன் மேற்பரப்பில் நெருக்கமாக மெல்லிய வெட்டுகள் இருக்கும். ஐஸைக் கவ்விப் பிடிப்பது அந்த விளிம்புகள்தான்.

ஓல் வெதர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. வருசம் முழுக்கக் கழற்றாமல் ஓடலாம். ஆனால் ஆடி மாதத்து 30 பாகை வெயிலிலும் தேயாமல் தாக்குப்பிடிக்கவேண்டிய ரப்பரை, தையில் -20 குளிருக்கும் வேண்டிய அளவு இளக்கமாகச் செய்ய முடியாது. சட்பரியில் தை மாத இரவுகள் சாதாரணமாகவே -18 அளவுக்கு இறங்கும். ரொறன்ரோக் குளிரை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுக்காதே.

ரயரின் பக்கச் சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு ஸ்நோத் துகளும் போட்ட சின்னம் இருக்கும். ஓல் வெதரிலும் அது உண்டு, வின்ரரிலும் உண்டு. கடைக்காரர் அதைக் காட்டி இரண்டும் ஒன்றுதான் என்பார். அந்தச் சின்னத்துக்கு இங்கே வைக்கிற பரீட்சை, அமுங்கிய ஸ்நோவில் ரயர் எவ்வளவு இழுக்கிறது என்பது மட்டும்தான். ஐஸில் பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்பது அதில் சேராது. கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு மார்கழி 1 தொடக்கம் பங்குனி 15 வரை அந்தச் சின்னம் உள்ள ரயர் கட்டாயம். ஓல் வெதரும் அங்கே சட்டப்படி சரி. ஒன்ராறியோவில் அந்தக் கட்டாயம்கூட இல்லை. சட்டம் விடுகிறது என்பதை மட்டும் பார்த்து ரயர் வாங்கக்கூடாது.

உன் கார் ஓல் வீல் டிரைவ் என்று எழுதியிருந்தாய். நல்லது, ஸ்நோவில் புதையாமல் கிளம்பும். கிளம்புவதற்குத்தான் அது உதவும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் ரயர்தான். வசதியாகக் கிளம்பிய துணிவில் வேகம் கூட்டுகிறவர்களைத்தான் ஸ்நோ நாட்களில் பள்ளத்துக்குள் கனக்கக் காண்கிறோம்.

நீ லீவுக்கு இங்கே வருகிற வழியையும் யோசி. சட்பரியிலிருந்து ரொறன்ரோ 400 கிலோமீற்றர் அளவு. 69ஆம், 400ஆம் நெடுஞ்சாலைகளில் பரி சவுண்ட் தாண்டிப் பாரி வரைக்கும் ஜோர்ஜியன் பே ஏரிக்குடாவின் காற்று உனக்குப் பக்கத்திலேயே வரும். ஏரி உறையமுன் அந்தக் காற்று ஈரத்தை அள்ளிவந்து தெருவில் கொட்டும். ஐந்து நிமிடம் முதல் வெயில், பிறகு பொனெற்றுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்படியான நேரத்தில் எந்த ரயரும் கண் தராது. வெளிக்கிட முதல் ஒன்ராறியோ 511 தளத்தில் தெரு நிலைமையைப் பார்; தெரு மூடியிருந்தால் பெரியம்மாவின் புட்டு அடுத்த கிழமையும் இருக்கும்.

காசு விசயம். நான்கு ரயரும் இரும்பு ரிம்மும் சேர்த்தால் ஆயிரம் டொலரைத் தாண்டலாம். ஆனால் ஒரு செற் ஓடும்போது மற்றது ஓய்வெடுக்கும், இரண்டும் நெடுக நாள் வரும். ரிம்மோடு வாங்கினால் ஒவ்வொரு முறையும் மாற்றுகிற கூலியும் குறையும். 2016இலிருந்து ஒன்ராறியோவில் வின்ரர் ரயருக்கு இன்சூரன்ஸ்காரர் கழிவு தரவேண்டும். நீ கேட்டு வாங்கு, அவர்களாகச் சொல்லமாட்டார்கள். அபார்ட்மென்டில் வைக்க இடமில்லை என்பது உன் பெரிய கவலை. ரயர் கடைகள் பலவற்றில் சீசனுக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு அவர்களே வைத்திருப்பார்கள்.

காசு மிச்சம் பிடிக்க முன்னுக்கு இரண்டு மட்டும் போடாதே. முன் சில்லு பிடிக்க, பின்பக்கம் சறுக்கிக் கார் சுற்றும். நான்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஆணி பதித்த ரயர் வடக்கில் சட்டப்படி போடலாம்; உனக்கு வேண்டாம், காய்ந்த தாரில் இரைச்சல் தாங்கமாட்டாய். பிராண்டில் மிச்சலின் எக்ஸ்-ஐஸ், பிளிசாக், ஹக்கபெலீட்டா எதுவானாலும் சரி. கடைசியாகச் சொன்னது வாயில் நுழையாவிட்டாலும், அதைச் செய்கிற பின்லாந்துக்காரர் 1934இலேயே வின்ரர் ரயர் செய்யத் தொடங்கியவர்கள்.

பழைய செற் மலிவாக வந்தால் பக்கச் சுவரில் நான்கு இலக்கத்தைப் பார்: 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை செய்தது. ரயர்ப் பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றர் இல்லையென்றால் ஸ்நோவுக்கு உதவாது. குளிர் கூடக் காற்றும் இறங்கும், மாதம் ஒருமுறை பார்த்து அடி. சித்திரை முடிய கழற்றிவிடு. கோடையில் ஓடினால் அந்த இளக்கமான ரப்பர் கெதியாகத் தேயும்.

முதல் ஸ்நோ விழுந்த பிறகு போனால் எல்லாக் கடையிலும் வரிசை. புரட்டாசி முடியமுன் நாள் பதிந்துவிடு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். அதை வடிவாகப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு, அளவைப் பார்த்து ரிம் நான் விசாரிக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா