பேசாத வேலை எங்கே இருக்கிறது?

"பையனுக்கு வாய் திக்கும் சார். பேச்சே இல்லாத வேலையா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க."

மதுரையில் பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், என் அறைக்கு வரும் பெற்றோர் இதைத்தான் கேட்கிறார்கள். பேச்சுப் பயிற்சியாளனான எனக்கு அவர்கள் மேல் வருத்தமில்லை. 'திக்குறவனுக்கு வக்கீல், வாத்தியார், டாக்டரெல்லாம் சரிப்படாது, கம்ப்யூட்டர்ல போடுங்க' என்று சொல்லி அனுப்பும் வழிகாட்டிகள் மேல்தான் எரிச்சல்.

ஐ.டி. கம்பெனியை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா சார்? பல இடங்களில் தினம் காலையில் நேற்று என்ன முடித்தோம் என்று ஆளாளுக்கு வாய்விட்டு ஒப்பிக்க வேண்டும். அப்புறம் கிளையன்ட் கால். திக்குகிற பலருக்குப் போனைக் கண்டாலே நடுக்கம். கப்பலூரில் லேத் ஓட்டினாலும் சூப்பர்வைசரிடம் வாய் திறக்காமல் காலம் தள்ள முடியாது. ஆனால் பாடும்போதும் ராகமாக இழுத்துச் சொல்லும்போதும் பலருக்குத் திக்கலே வருவதில்லை. இடத்துக்கு இடம் திக்கல் இப்படி மாறும்போது வேலையின் பெயரை வைத்து என்ன கணிக்கிறீர்கள்?

இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கித் திக்கியே மேடை மேடையாகப் பேசியவர். 1957இல் கேரளத்தின் முதல் முதலமைச்சர். டாக்டர் கதைக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: பேச்சு, மொழிக் குறைபாடு 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் எம்.பி.பி.எஸ். சீட்டை மறுக்கக் கூடாது; அந்த மாணவரால் படிப்பை முடிக்க இயலுமா என்று மதிப்பீட்டுக் குழு பார்க்க வேண்டும். நம் வழிகாட்டிகளோ பையனை வாயைத் திறக்கவே விடாமல் தீர்ப்பெழுதுகிறார்கள்.

திக்கலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய மற்றவை சில. பயந்ததால் திக்கல் வருவதில்லை. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்கும், குடும்ப வழியாகவும் வரும். வசம்பு உரசித் தடவினால் போகாது. கூழாங்கல்லை வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். 'குமரகுருபரருக்கே அஞ்சு வயசுலதான் பேச்சு வந்துச்சு' என்பார்கள். பேச்சு தாமதமாவது வேறு, திக்கல் வேறு. சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தானாகச் சரியாவது உண்மைதான், பதினைந்து வயதுக்குப் பிறகும் அதையே நம்பி உட்காராதீர்கள். சான்றிதழ் வாங்கினால் அரசு வேலை என்பதும் வதந்தி. 2016 சட்டத்தின் 4 சதவீத வேலை ஒதுக்கீட்டில் பேச்சுக் குறைபாட்டுக்குத் தனி இடமில்லை.

இன்னொன்று, அந்த மைக். வழிகாட்டல் கூட்டத்தில் எழுப்பிவிட்டு 'பேரு, லட்சியம் சொல்லு' என்பார்கள். திக்குகிறவர்கள் முட்டுகிற சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லைப் போட்டுத் தப்பிப்பார்கள். சொந்தப் பெயருக்கு மாற்று ஏது? பையன் 'மு... மு...' என்று தவிக்க, முன்வரிசை ஆசிரியர் 'முத்துப்பாண்டியா? சரி, உக்காரு' என்று முடித்துவைப்பார். லட்சியத்தை யாரும் கேட்கவில்லை. பொறுத்திருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

மாணவர்களுக்கு வழிகாட்டத் தமிழக அரசு 2022இல் கொண்டுவந்த நான் முதல்வன் திட்டம் நல்லதுதான். அதோடு ஒன்றியத்துக்கு ஒரு முழுநேரப் பேச்சுப் பயிற்சியாளரையும் போடுங்கள். பேரையூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வாராவாரம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏற எந்த அம்மாவால் முடியும்?