ட்ரெயிலர் இழுக்கும் பிக்கப் வண்டிக்கு ஏற்ற பின்வில்லைத் தெரிவு செய்தல்

மரக்கறி, நாற்றுத் தட்டுகள், இருசில்லு உழவு இயந்திரம் முதலியவற்றை ட்ரெயிலரில் ஏற்றிப் பிக்கப் வண்டியால் இழுத்துச் செல்வோர் கொழும்பில் பலர். 2020 ஆம் ஆண்டில் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு இடம்மாறிய மெனிங் சந்தைக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து செல்லும் வியாபாரிகளும், வெள்ளவத்தையில் வசித்துக்கொண்டு வன்னியிற் கமம் செய்வோரும் இவர்களுள் அடங்குவர். வெள்ளம் தேங்கும் பாதைகளிலும் கமத்து வழிகளிலும் அடி தட்டாமற் செல்லும் பொருட்டுச் சிலர் வண்டியை உயர்த்திக்கொள்கின்றனர். பின்னர் ட்ரெயிலரைக் கொளுவியதும் வண்டியின் பின்புறம் தாழ்வதைக் கண்டு, வலிய வில் தேடிப் பஞ்சிகாவத்தைக்குச் செல்கின்றனர். அங்கு பணம் கொடுப்பதற்கு முன் அறிந்திருக்கவேண்டியவை இங்கே கூறப்படுகின்றன.

1. பாரம் எங்கே விழுகிறது?

மாட்டுவண்டியில் முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும். ட்ரெயிலருக்கும் இதுவே விதி. அதன் மொத்த நிறையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கொளுவியின்மேல் அழுந்துதல் வேண்டும். மிகக் குறைந்தால் ட்ரெயிலர் ஓட்டத்தில் இருபக்கமும் ஆடும். மிகக் கூடினால் வண்டியின் பின்புறம் அமிழும்.

1,500 கிலோகிராம் நிறையுள்ள ட்ரெயிலரை உதாரணமாகக் கொள்வோம். கொளுவியின்மேல் விழும் பாரம் 150 கிலோகிராம். கொளுவி பின்னச்சுக்கு 1.2 மீற்றர் பின்னாலும், முன் பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 3 மீற்றராகவும் இருப்பின், துலாக்கோல் விதிப்படி முன்னச்சிலிருந்து 60 கிலோகிராம் குறையும். அந்த 60 கிலோகிராமும் பின்னச்சையே சேரும். ஆகவே பின்னச்சு சுமப்பது 150 அன்று, 210 கிலோகிராமாகும். பெட்டியில் ஏற்றிய மூட்டைகளின் பாரம் இதற்கு மேலதிகம். முன்சில்லுகளில் பாரம் குறைவதால் சுக்கானின் பிடி தளரும். முன்பிறேக்கின் பயன் குறையும். விளக்கொளி எதிரே வருவோரின் கண்ணிற் படும்.

2. முதலில் நிறுத்துப் பார்த்தல்

வலிய வில் வண்டியின் உயரத்தைக் காக்குமேயன்றி, வண்டி சுமக்கத்தக்க அளவைக் கூட்டாது. அச்சு, பெயாரிங், ரயர், பிறேக், சசி ஆகியன முன்னிருந்தவையே. எனவே வழக்கமான சுமையுடனும் ட்ரெயிலருடனும் வண்டியை நிறுவைப் பாலத்துக்குக் கொண்டுசென்று, பின்னச்சின் பாரத்தைத் தனியே நிறுத்தறிக. அதனை வண்டித் தயாரிப்பாளர் குறித்துள்ள அளவுடன் ஒப்பிடுக. பாரம் அவ்வளவை மிஞ்சியிருப்பின் எந்த வில்லும் பரிகாரமாகாது. சுமையைக் குறைப்பதே வழி. அளவுக்கு உட்பட்டிருந்தும் பின்புறம் அமிழ்ந்தால் மாத்திரமே வில்லைப் பற்றிச் சிந்தித்தல் தகும்.

3. வில் வகைகள்

டொயோட்டா ஹைலக்ஸ், மிற்சுபிசி எல் 200, இசுசு டி-மக்ஸ் ஆகியவற்றின் பெரும்பாலான வகைகளிற் பின்னச்சில் உருக்குத் தகடுகளை அடுக்கிய தகட்டுவில் உண்டு. நிசான் நவாராவின் 2014 இன் பின் வந்த வண்டிகள் பலவற்றிற் சுருள்வில் உண்டு. வாங்குமுன் தம் வண்டியின் வகையை நோக்குக.

(அ) உயர்த்துங் கட்டை: அச்சுக்கும் தகட்டுவில்லுக்கும் இடையே வைப்பது. விலை குறைவு. இது உயரத்தைத் தருமேயன்றிச் சுமக்கும் வலிமையைத் தராது. கட்டை உயர உயர, இழுக்கும்போது அச்சு முறுகி வில்லை வளைக்கும். கட்டைமேற் கட்டை அடுக்குதல் ஒருபோதும் ஆகாது.

(ஆ) கூடுதல் தகடு அல்லது முழு வில் தொகுதி: ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரேயளவு பாரம் சுமப்போருக்கு ஏற்றது. பாரம் வில்லின் இருமுனைகள் வழியாகச் சசியிற் பரவுவதால் சசிக்கும் நன்று. ஆனால் வெறும் வண்டி துள்ளும். ஈரவீதியிற் பின்சில்லுகளின் பிடி குறையும். பழைய தொகுதியுடன் ஒரு தகட்டை மாத்திரம் சேர்ப்பதிலும், சுமைக்கேற்பச் செய்த முழுத் தொகுதியை மாற்றுதல் மேலானது. பாவித்த தகடுகளை வாங்கின் வெடிப்பு உண்டோவென ஒவ்வொன்றாக நோக்குக. யூ போல்ட்டுகள் எப்போதும் புதியனவாதல் வேண்டும்; சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் இறுக்குதல் அவசியம்.

(இ) றப்பர் துணைவில்: பாரம் ஏறியபின் மாத்திரம் அச்சிற் படிந்து தாங்குவது. பராமரிப்பு மிகக் குறைவு. உயர்த்திய வண்டியில் இடைவெளி கூடியிருப்பதால் அதற்குரிய அளவைக் கேட்டு வாங்குக.

(ஈ) காற்றுப்பை: வாரத்தில் ஓரிரு நாள் மாத்திரம் ட்ரெயிலர் இழுப்போருக்கு ஏற்றது. சுமைக்கேற்பக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். இரு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் இருத்தல் நன்று. ஒரே குழாயாயின் வளைவுகளிற் காற்று ஒரு பையிலிருந்து மற்றதற்கு ஓடி வண்டி சாயும். முற்றாகக் காற்றின்றி ஓட்டினாற் பை கிழியும். தகட்டுவில் வண்டியில் இப்பை சசியை ஓரிடத்திலேயே தாங்குவதால், அளவுமீறிய சுமையுடன் மேடுபள்ளத்தில் ஓடுமிடத்துச் சசி வளைதலும் உண்டு.

எவ்வகையைத் தெரிவு செய்யினும் அதிர்வுதாங்கிகள் புதிய வில்லின் வலிமைக்கும் வண்டியின் உயரத்துக்கும் பொருந்துவனவாக இருத்தல் வேண்டும்.

4. பிறேக்கைப் பற்றிய எச்சரிக்கை

இதுவே உயிர்காக்கும் பகுதியாகும். பல பிக்கப் வண்டிகளின் பின்னச்சுக்கு அருகே, பாரத்தை உணர்ந்து பின்பிறேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பின்புறம் தாழ்ந்தால் வண்டியிற் பாரம் உண்டெனக் கொண்டு அது அழுத்தத்தைக் கூட்டும். வண்டியை உயர்த்தி வலிய வில்லும் இட்டபின், முழுப் பாரம் ஏற்றினாலும் வெறும் வண்டியென்றே அது கொள்ளும், பின்பிறேக் தளரும். கடுகண்ணாவை இறக்கத்திலும் இறம்பொடை வளைவுகளிலும் இக்குறை பேராபத்தாய் முடியும். ஆகவே வில் மாற்றும் நாளிலேயே வால்வின் இணைப்பைச் சரிசெய்வித்தல் வேண்டும்.

பிறேக் குழாய்கள் இழுபடாத நீளமுடையனவா, பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் கோணம் மிகுந்துள்ளதா என்பவற்றையும் பார்ப்பிக்க. கொளுவியைத் தாழ்த்தி ட்ரெயிலரை மட்டமாக நிற்கச் செய்க. பாரமான ட்ரெயிலருக்குத் தனிப் பிறேக் வேண்டும். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 750 கிலோகிராமுக்கு மேற்பட்டவற்றுக்கு அது கட்டாயமாகும்.

5. செய்யவேண்டிய ஒழுங்கு

• வெறும் வண்டியிற் சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரையுள்ள உயரத்தை முன்னும் பின்னும் அளந்து குறிக்க.
• பாரத்துடன் மீண்டும் அளந்து, பின்னச்சை நிறுத்தறிக.
• ட்ரெயிலரிற் சுமையைச் சீராக்குக. பலருக்கு இவ்வளவே போதுமாகும்.
• பின்னரே வில்லின் வகையைத் தெரிவு செய்க.
• வண்டியின் அமைப்பை மாற்றுமுன் நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் விசாரித்தறிக.
• புதிய வில் இட்டபின், முதலில் வெறும் வண்டியையும் பின்னர் பாரத்துடனும் ஆளில்லாத மட்டமான வீதியிற் பிறேக் பிடித்துச் சோதிக்க.

பின்புறம் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு மாத்திரம் வண்டி பாரத்துக்குத் தகுதியானதெனக் கொள்ளற்க. வில் பாரத்தைத் தாங்கும். இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது பிறேக்கே.