காணி தேடி வன்னிக்குப் போனவர்கள்

கேள்வி: என் அப்புவின் தம்பி உடுப்பிட்டியிலிருந்து கிளிநொச்சிக்குப் போய், காடு வெட்டிக் கமம் செய்தவர். ஜேர்மனியில் படிக்கும் என் மகள், அமெரிக்கப் புல்வெளியில் குடியேறிய ஜேர்மன் கமக்காரரைப் பற்றிச் சொன்னபோது எங்கள் வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் இருந்தது. வன்னிக் குடியேற்றம் எப்படித் தொடங்கியது?
- வாசகர், உடுப்பிட்டி

பதில்: பிள்ளைகளுக்குக் காணி பிரித்துக் கொடுத்த இடத்திலிருந்துதான் இரண்டு கதைகளும் தொடங்குகின்றன. ஜேர்மனியின் தென்மேற்கே, வூர்ட்டெம்பெர்க், பாடன் பகுதிகளில் தகப்பனின் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கிடுவது வழக்கம். சில தலைமுறைகளில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட முடியாத துண்டுகளே மிஞ்சின. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து பெருந்தொகையானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

யாழ்ப்பாணத்தில் நடந்ததும் அதுதான். 1707இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த தேசவழமைப்படி பெண்பிள்ளைக்குச் சீதனம், ஆண்பிள்ளைக்கு முதுசம். நம் பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணியில் ஒரு பங்கு, கிணற்றில் ஒரு பங்கு, வழி வாய்க்காலில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கும். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் கிணற்றுத் தண்ணீரை முறை வைத்து இறைத்தவர்கள், அந்த முறையையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நிலம் அதற்குமேல் தாங்கவில்லை.

அமெரிக்க அரசு 1862இல் ஒரு சட்டம் போட்டது. சிறு பதிவுக் கட்டணம் கட்டி, ஐந்து ஆண்டுகள் அங்கேயே இருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் சொந்தம். நம் கணக்கில் 2,560 பரப்பு! வன்னியில் வழி திறந்தது மெதுவாகத்தான். 1905இல் கொழும்பையும் வடக்கையும் ரயில் இணைத்தது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் எழுந்தது. 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் குறைக்கவென்று கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது.

போனவர்களுக்குத் தெரிந்தது துலாவும் தோட்டமும். அங்கே கிடைத்தது வாய்க்கால் தண்ணீரும் வயலும். புல்வெளிக்குப் போனவர்களுக்கு வீடு கட்ட மரமே இருக்கவில்லை. புல் வேரோடிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிச் சுவர் எழுப்பினார்கள். உங்கள் சின்ன அப்புவுக்கோ பாலையும் முதிரையும் வெட்டி மாளவில்லை. யானை வேறு. எல்லாவற்றையும் விடக் கொடியது மலேரியா. 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பயம் தணிந்தது. பெண்சாதி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் போய்வந்தவர்கள் பலர்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. வன்னி ஆளில்லாக் காடாக இருக்கவில்லை. சின்னக் குளங்களை நம்பி வாழ்ந்த பழைய ஊர்கள் அங்கே இருந்தன. அமெரிக்கப் புல்வெளியும் பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம்தான். பின்னாளில், முக்கியமாகத் தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பிறகு, மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள் வன்னிக்கு வந்து கமக்காரரின் வயல்களில் கூலிக்கு நின்றார்கள். 1970களில் இறக்குமதி தடைப்பட்டு, விசுவமடு மிளகாய் பொன்விலைக்குப் போனதைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த மண்ணில் கூலிக்கு உழைத்த கைகளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் குடும்பத்துக்கு வருவோம். காணி துண்டுபடுவதைத் தடுப்பதும் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு நோக்கம். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியைக் குறித்த அளவுக்குக் கீழே பிரிக்க முடியாது. உரித்தாளி ஒருவரைப் பெயர் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால், 2022 வரை பிள்ளைகளில் மூத்த மகனே முந்தினான். துண்டுபட்ட காணியை விட்டுப் போனவர்களின் இளைய பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இந்தச் சட்டம் பெரும்பாலும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. வீட்டுக்குள் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட வயல்களுக்கு இன்றும் பதிவில்லை. உரித்தில் ஆண் பெண் வேறுபாட்டை நீக்கிய திருத்தம் 2022இல்தான் வந்தது. சின்ன அப்புவின் அனுமதிப்பத்திரம் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், அவருடைய பிள்ளைகளைத் தாமதிக்காமல் பிரதேச செயலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.