மடையானை விடுங்கள், எலியைப் பிடியுங்கள்

என் அப்பா மார்கழியில் என்னைக் கொக்கு, மடையான் வேட்டைக்கு அழைத்துப் போவார். எட்டாவதும் பத்தாவதும் படிக்கும் என் பிள்ளைகளை நான் அப்படிக் கூட்டிப் போகலாமா?
– ஒரு வாசகர், திருவிடைமருதூர்

கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கவணோ கண்ணியோ, பிடிபட்டால் வனத்துறை அலுவலகத்தில்தான் உங்களுக்குப் பொங்கல்! பறவை பார்க்க ஆசையென்றால் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. பனிக்காலத்தில் வரித்தலை வாத்துகள் வரும்.

வேட்டைதான் வேண்டுமென்றால் எலி இருக்கிறது. சம்பா கதிர்விடும் நேரத்தில் பயிரைத் தூரோடு வெட்டிச் சாய்க்கும். தஞ்சாவூர்க் கிட்டி என்னும் எலிப்பொறியை வைக்கத் தெரிந்த பெரியவர் யாரிடமாவது பிள்ளைகளைப் பழக விடுங்கள். மூங்கில் வில்லில் நாண் பூட்டி, பொரி வைத்து, அந்தியில் வரப்போரம் நட்டு, விடியலில் எடுக்க வேண்டும்.

வில் தெறித்தால் விரல் நசுங்கும்; முதலில் பூட்டுவது பெரியவர்களாக இருக்கட்டும். பொந்துக்குள் கைவிடவே கூடாது, எலியைத் தேடிப் பாம்பும் அங்கே வரும். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாக நுழையும். செத்த எலியைக் கையுறை போட்டே எடுக்கட்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

எலிக்கு இவ்வளவு என்று கூலியும் பேசிவிடுங்கள். பத்தாவது படிக்கும் பிள்ளை கணக்கில் எவ்வளவு கெட்டி என்பது அன்றே தெரிந்துவிடும்!