அடிபம்புக்கும் ஒரு படிப்பு உண்டு!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



டிப்ளமோ முடித்தால் நமக்கு என்னென்ன வழி என்று கேட்டால் விரல் விட்டு எண்ணி விடலாம். ஒன்று, கம்பெனி வேலை. இரண்டு, நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு. மூன்று, கடனோ உடனோ வாங்கி சொந்தமாக ஒரு லேத்துப் பட்டறை. நான்காவதாக இன்னொரு வழியும் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் சமூகத்தோடு சேர்த்து வைத்து ஆராய்கிற படிப்புதான் அது.

"மெஷினைப் பத்திப் படிக்கலாம், மனுஷனைப் பத்திப் படிக்கலாம். இது என்னப்பா ரெண்டுங்கெட்டான்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பதிலை நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த ஒரு பொருளிலிருந்தே தொடங்குகிறேன்.

அடிபம்பு சொல்லும் பாடம்

1960களின் பிற்பகுதியில் நாட்டில் கடும் வறட்சி. பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, மேலே வார்ப்பிரும்பு அடிபம்புகளை வைத்தார்கள். சில வருடங்களில் அவற்றில் பெரும்பாலானவை பழுதாகிக் கிடந்தன. காரணம் என்ன? இரும்பு மட்டமானது என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பம்புகள் வெளிநாட்டில் ஒரு பண்ணைக் குடும்பம் ஒரு நாளைக்குச் சில குடம் அடிப்பதற்காக உருவான மாதிரிகள். இங்கேயோ விடியற்காலை முதல் இரவு வரை ஒரு ஊரே வரிசையில் நின்று அடித்தது. கைப்பிடியின் பின்கள் தேய்ந்தன, தண்டு ஒடிந்தது.

மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் கிணறு வேலை செய்தவர்கள் உள்ளூர் வசதிக்கு ஏற்ப எஃகுப் பம்பு செய்து பார்த்தார்கள். அந்த அனுபவத்தின் மேல் யுனிசெஃப் அமைப்பும் நம் நாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'இந்தியா மார்க் 2'. அதைக் கோவைப் பகுதியில் நட்டுச் சோதித்தார்கள். சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1970களின் கடைசியில் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. கைப்பிடி முனையில் கால்வட்டத் தகடும் சங்கிலியும் இருப்பதால் தண்டு நேர் செங்குத்தாக மேலே வரும். பக்கவாட்டு இழுப்பு இல்லை, தேய்மானம் குறைவு. இதுவரை நம் பாடம். இயந்திர வடிவமைப்புத் தாளில் எழுதினால் மார்க்கு கிடைக்கும்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. மார்க் 2 பழுதானால், உள்ளே இருக்கிற வாஷரை மாற்றுவதற்குக் கூட குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். அதற்கு ஆட்களும் வண்டியும் வேண்டும். ஒன்றியத்திலிருந்து ஆள் வரும் வரை எங்கள் தெருப் பெண்கள் அடுத்த ஊருக்குக் குடம் தூக்கினார்கள். என் அம்மாவும் அதில் ஒருவர். வாஷரின் விலை கொஞ்சம். அது வருகிற வரை அம்மா நடந்த தூரத்துக்கு யார் விலை போடுவது?

இந்தக் கேள்வியையும் சிலர் பொறியியல் கேள்வியாகவே எடுத்துக் கொண்டார்கள். 1980களில் கோவை வட்டாரத்தில் நடந்த சோதனைகளிலிருந்து 'மார்க் 3' வந்தது. குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கினார்கள். குழாயைத் தூக்காமலே பிஸ்டனை மட்டும் மேலே இழுத்துவிடலாம். ஊர்க்காரர்களே, பெண்களே, ஸ்பேனர் பிடித்துப் பழுது பார்க்க முடியும் என்று ஆனது. குழாய் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதற்குள் "யார் பழுது பார்ப்பது?" என்ற சமூகக் கேள்வி ஒளிந்திருக்கிறது! பம்பை எந்தத் தெருவில் நடுவது, அதில் யார் முதலில் அடிப்பது என்ற கேள்விகளும் உண்டு. நம் ஊர்களில் அவற்றுக்கு என்ன பதில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சைக்கிளும் ராக்கெட்டும்

இப்படிப்பட்ட கேள்விகளை முறையாக ஆராய ஒரு துறையே இருக்கிறது. டிரெவர் பிஞ்ச், வீபே பைக்கர் என்ற இருவர் 1984-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் புகழ்பெற்றது. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் சைக்கிள்! முன் சக்கரம் ஆளுயரம் இருந்த பழைய சைக்கிள், வேகத்தை விரும்பிய இளைஞர்களுக்கு வீரவிளையாட்டு. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் அதுவே ஆபத்தான வண்டி. 1880களில் சங்கிலி வைத்த தாழ்ந்த சைக்கிள் வந்தது. 1888-ல் டன்லப் காற்று டயர் கொண்டுவந்தபோது அதிர்வைக் குறைக்கும் பொருளாகத்தான் அதைப் பார்த்தார்கள், பலர் கேலியும் செய்தார்கள். பந்தயத்தில் ஜெயித்த பிறகு கேலி நின்றது. ஒரு இயந்திரத்தின் வடிவத்தை கணக்கு மட்டும் முடிவு செய்வதில்லை, அதைப் பயன்படுத்தும் கூட்டங்களும் சேர்ந்தே முடிவு செய்கின்றன என்பது அவர்கள் வாதம். இன்னொன்று கவனியுங்கள். பிஞ்ச் முதலில் படித்தது இயற்பியல், பைக்கர் படித்தது பொறியியல். நம்மைப் போன்றவர்கள்தான்!

1986 ஜனவரி 28-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் ரப்பர் 'ஓ' வளையம் இறுகிப் போய் வாயுக் கசிவைத் தடுக்கவில்லை. முந்தைய இரவே சில பொறியாளர்கள் எச்சரித்தும் ராக்கெட் கிளம்பியது. ஏன்? டயான் வாகன் என்ற சமூகவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1996-ல் புத்தகம் எழுதினார். முந்தைய பயணங்களிலும் வளையம் கருகியிருந்தது, ஆனால் விபத்து நடக்கவில்லை. அதனால் கருகுவதே சகஜம் என்று ஆகிவிட்டது. தவறு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கமாகிவிட்டது என்பது அவர் கண்டறிந்தது.

இதைப் படித்தபோது எனக்குப் பயிற்சிக்குப் போன ஒரு பட்டறைதான் ஞாபகம் வந்தது. அங்கே பவர் பிரஸ்ஸுக்கு இரண்டு கை பட்டன் உண்டு. இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும், விரல் தப்பும். ஒரு பட்டனை மரச்சக்கை வைத்து அழுத்தி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். ஏன் அண்ணே என்றேன். "பீஸ் கணக்குப்பா தம்பி, ரெண்டு கையும் வச்சா நாளைக்கு எத்தனை பீஸ் வரும்?" என்றார். பாதுகாப்பு வகுப்பில் இதற்கு 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று பதில் எழுதுவோம். பீஸுக்கு இத்தனை காசு என்று கூலி வைத்தவர் அந்த விடையில் வருவதே இல்லை. அந்த அண்ணனின் விரலைக் காப்பாற்ற மெஷின் தெரிந்தால் போதாது, கூலிக் கணக்கும் தெரிய வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

இங்கிலாந்துக்கு வடக்கே ஸ்காட்லாந்தில், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1966-ல் 'அறிவியல் ஆய்வுப் பிரிவு' தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் டேவிட் எட்ஜ், வானொலி வானியல் படித்தவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1976-லும், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1991-லும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் வந்தன. நியூயார்க் மாநிலத்தில் ரென்சிலர் பாலிடெக்னிக் என்ற பெயரிலேயே உள்ள உயர்கல்வி நிறுவனத்திலும் இந்தத் துறை இருக்கிறது. பாலிடெக்னிக் என்றால் மட்டமாகப் பார்ப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்!

நம் நாட்டிலும் இடங்கள் உண்டு. டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அறிவியல் கொள்கை ஆய்வு மையம் இருக்கிறது. குஜராத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இதேபோல் ஒரு மையம் உண்டு. டில்லியில் சி.எஸ்.ஐ.ஆரின் தேசிய அறிவியல் தொடர்பு மற்றும் கொள்கை ஆய்வு நிறுவனம், இரண்டு பழைய நிறுவனங்களை இணைத்து 2021-ல் உருவானது. மும்பை ஐ.ஐ.டி.யில் கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்காக 1985-ல் தொடங்கிய மையத்தில், பொறியியல் பட்டதாரிகள் கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேரலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் மானிடவியல், சமூக அறிவியல் துறை இருக்கிறது.

பட்டம் வாங்காமலே இந்தக் கேள்விகளைக் கேட்ட பெரியவர்களும் உண்டு. சென்னையில் பணியாற்றிய வேதிப் பொறியாளர் சி.வி.சேஷாத்திரி (1930-1995), நாம் வெப்பப் பொறியியலில் படிக்கும் 'ஆற்றல்', 'திறன்' என்ற வரையறைகளே யாருக்குச் சாதகமானவை என்று கேட்டவர்.

ஏணி எப்படி?

டிப்ளமோவிலிருந்து நேராக இந்தப் படிப்புக்குப் போக முடியாது. நடுவில் ஒரு பட்டம் வேண்டும். நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. ஒரு படி. வீட்டில் பணம் இல்லை என்றால் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பி.இ. இன்னொரு படி. அதன் பிறகு எம்.ஏ. சமூகவியலோ, மேலே சொன்ன எம்.டெக்.கோ படிக்கலாம். சமூகவியல் எம்.ஏ.வுக்குப் பல பல்கலைக்கழகங்களில் எந்தப் பட்டம் இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்புறம் பிஎச்.டி. விண்ணப்பத்தில் தகுதி என்ற பத்தியை இரண்டு தடவை படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பணம்? நம்மைப் போல் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் கலந்தாய்வு மூலம் பொறியியல் சேர்ந்தால், முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. சான்றிதழைத் தாசில்தார் அலுவலகம் மூலம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். முதுகலைக்குப் பின் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரியில் உயர்த்தப்பட்டபடி மாதம் ரூ.37,000. நம் வீட்டில் பலருக்கு அது சம்பளத்தை விடப் பெரிய தொகை.

ஒளிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படிப்புக்கு கேம்பஸ் இன்டர்வியூ கூட்டம் கூட்டமாக வராது. ஆராய்ச்சி, ஆசிரியர் வேலை, அறிவியல் பத்திரிகை, அரசுக் கொள்கைப் பிரிவுகள், குடிநீர் - சுகாதாரத் தொண்டு நிறுவனங்கள் என்று தேடித்தான் போக வேண்டும். காலமும் பிடிக்கும். தங்கச்சி கல்யாணம், அப்பா வாங்கிய கடன் எல்லாம் இருக்கிறவர்கள் முதலில் வேலைக்குப் போவதில் எந்தக் குறைவும் இல்லை. படிப்பு காத்திருக்கும். பட்டறையில் கழித்த நான்கு வருடம் இந்தத் துறையில் வீணாகாது, சொல்லப்போனால் அதுதான் நம் மூலதனம். பிரஸ் பட்டனில் மரச்சக்கை வைத்திருப்பதைப் புத்தகம் மட்டும் படித்தவர் எங்கே பார்க்கப் போகிறார்?

இப்போதே என்ன செய்யலாம்?

இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டில் படம், கணக்கு, செலவுப் பட்டியல் எல்லாம் வைக்கிறோம். அதோடு இரண்டு பக்கம் கூடுதலாகச் சேர்ப்போம். இந்த மெஷினை யார் இயக்கப் போகிறார்? அவர் உயரம் என்ன, கூலி என்ன? பழுதானால் யார் பார்ப்பார்? இது வந்தால் யாருடைய வேலை போகும்? உண்மையான ஆட்களிடம் போய்க் கேட்டு எழுதுவோம். மாணவர் பேரவை அந்தப் பக்கங்களைத் தொகுத்து நூலகத்தில் வைக்கலாம். அடுத்த வருடம் வரும் தம்பி தங்கைகளுக்கு அதுவே முதல் பாடநூல் ஆகும்.

மதிப்பெண் இல்லாத இந்த இரண்டு பக்கத்தை எங்கள் பேட்ச் எழுதத் தொடங்கிவிட்டது. நீங்களும் எழுதுங்கள், நண்பர்களே!