படம் ஓடுகிறது, பேச்சைக் காணோம்

சரக்கு விலை, வரி, தராசு முத்திரை என்று பேசும் நமது இதழில் வீடியோ கேசட்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நம்மில் பலர் வீட்டுப் பரணில் இரண்டு மூன்று கருப்புக் கேசட்டுகள் கிடக்கின்றன. கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு விழா, மே 5 வணிகர் தினக் கூட்டம் என்று அந்தக் காலத்தில் எடுத்தவை. அவற்றைப் பென் டிரைவில் ஏற்றித் தர ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். பணம் கொடுத்து ஏற்றி வாங்கி வந்து டி.வி.யில் செருகினால் படம் வருகிறது, சத்தம் வருவதில்லை. நாட்றம்பள்ளியில் எனக்குத் தெரிந்தே மூன்று வீடுகளில் இந்தக் குறை. அவற்றில் ஒன்றை முழுவதும் கூட இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறை மளிகைக்காரர் ஒருவர். அவருடைய தகப்பனார் 1994-ல் இப்போதைய கடையைத் திறந்தபோது எடுத்த கேசட்டும், அவருடைய கல்யாணக் கேசட்டும், தங்கையின் கல்யாணக் கேசட்டும் ஆக மூன்று. தகப்பனார் காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவர் குரல் பதிவானது அந்தக் கடை திறப்புக் கேசட்டில் மட்டும்தான். மூன்றையும் பக்கத்து ஊர் ஸ்டுடியோ ஒன்றில் கொடுத்துப் பென் டிரைவாக வாங்கி, அம்மாவை டி.வி. முன்னால் உட்கார வைத்துப் போட்டார். கல்லாப்பெட்டி பக்கத்தில் தகப்பனார் நிற்கிறார், வாயசைக்கிறார், ஒரு சத்தமும் இல்லை. அந்த அம்மா, "என்னடா, ஊமைப் படமா எடுத்து வச்சிருக்கான்" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்களாம்.

மறுநாள் டி.வி. மெக்கானிக் வந்தார். டி.வி. ஸ்பீக்கர் சரியில்லை, தனியாக ஒரு சவுண்ட் பார் வாங்கி மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பணம் எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம், "அண்ணே, நல்ல கம்பெனி எது?" என்று கேட்க வந்தார். "நியூஸ் சேனல் கேட்குதா தம்பி?" என்றேன். "அது நல்லா கேட்குது அண்ணே." "அப்ப ஸ்பீக்கர் எப்படிக் கெட்டுப் போகும்?" என்றேன். வாங்குவதை நிறுத்தினார்.

சோதனையை எங்கே தொடங்குவது?

கணக்கில் வித்தியாசம் வந்தால் பில், ரொக்கம், பற்று என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறோம் அல்லவா, இதுவும் அப்படித்தான். குறை டி.வி.யில் இருக்கலாம், ஏற்றிய வீடியோவில் இருக்கலாம், கேசட்டிலேயே இருக்கலாம். சேனல் சத்தம் வந்தால் டி.வி. ஸ்பீக்கர் நல்லது. அடுத்து, அதே பென் டிரைவில் செல்போனில் எடுத்த வேறொரு வீடியோவைப் போட்டுப் போட வேண்டும். அதற்குச் சத்தம் வந்தால் பென் டிரைவ் வழியும் நல்லது. அதற்கும் வரவில்லையென்றால் டி.வி.யின் செட்டிங்ஸில் சவுண்ட் அவுட்புட் என்ற இடத்தைப் பார்க்கவும். டி.வி. ஸ்பீக்கர் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆப்டிகல் என்றோ புளூடூத் என்றோ இருக்கும். பேரப்பிள்ளை காதில் மாட்டும் கருவியை இணைத்துவிட்டு அப்படியே விட்டிருப்பான். லேப்டாப்பிலிருந்து எச்.டி.எம்.ஐ. வயர் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: படம் டி.வி.க்குப் போய்விடும், சத்தம் லேப்டாப்பிலேயே நின்றுவிடும். லேப்டாப்பின் ஒலிக்குறியை அழுத்தி, டி.வி.யின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

எங்கள் நண்பருக்கு இவை எல்லாமே சரியாக இருந்தன. ஆகவே வீடியோவைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

சாக்கு வேறு, சரக்கு வேறு

இதுதான் விஷயத்தின் மையம், பொறுமையாகப் படிக்கவும். ஒரு வீடியோவின் பெயருக்குப் பின்னால் எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. என்று இருப்பது சாக்கின் பெயர் மட்டுமே. சாக்குக்குள்ளே படம் தனிப் பொட்டலம், சத்தம் தனிப் பொட்டலம். ஒவ்வொன்றும் ஒரு முறையில் சுருக்கிக் கட்டப்பட்டிருக்கும். அப்படிச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். படத்துக்கு எம்பெக்-2, எச்.264 என்று முறைகள். சத்தத்துக்கு ஏ.ஏ.சி., எம்.பி.3, ஏ.சி.3, டி.டி.எஸ்., சுருக்காத பி.சி.எம்., பழைய செல்போன்களின் ஏ.எம்.ஆர். என்று பல. டி.வி.க்குப் படப் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரிந்து, சத்தப் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாவிட்டால் படம் ஓடும், சத்தம் வராது. சில டி.வி.கள் "இந்த ஒலி வடிவம் ஆதரிக்கப்படவில்லை" என்று ஓரத்தில் ஒரு வரி காட்டி மறைத்துவிடும். நாம் அதைக் கவனிப்பதில்லை.

ஏன் பிரிக்கத் தெரியாது? சில முறைகளுக்கு டி.வி. கம்பெனி உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். விலையைக் குறைக்க அதை விட்டுவிடுகிறார்கள். பெரிய கம்பெனிகளும் விட்டதுண்டு: சாம்சங் 2018-ம் வருட மாடல்களிலிருந்து டி.டி.எஸ். முறையை நீக்கியது. எல்.ஜி. 2020 மாடல்களில் நீக்கியது. ஆக விலை கூடிய புது டி.வி.யில் ஊமையாக இருப்பது பத்து வருடப் பழைய டி.வி.யில் பேசுவதும் உண்டு. டி.வி.யைக் குறை சொல்வதா, வீடியோவைக் குறை சொல்வதா என்றால், இரண்டுக்கும் பொருத்தம் இல்லை என்பதே சரி.

வீட்டு வீடியோக்களில் டி.டி.எஸ். வருவது அபூர்வம். நமக்குத் தொல்லை தருபவை வேறு. கேசட்டை முதலில் டி.வி.டி.யாக்கி, பிறகு அந்த டி.வி.டி.யைப் பென் டிரைவில் ஏற்றியிருந்தால் சத்தம் பெரும்பாலும் ஏ.சி.3 ஆகவோ பி.சி.எம். ஆகவோ இருக்கும். ஏ.சி.3 பல டி.வி.களில் பேசும், மலிவான சிலவற்றில் பேசாது. பி.சி.எம். சத்தத்தை எம்.பி.4 சாக்கில் போட்டுக் கட்டியிருந்தால் பல டி.வி.கள் கையை விரித்துவிடும். 2000-களில் பட்டன் போனில் எடுத்த 3ஜி.பி. வீடியோக்களில் இருப்பது ஏ.எம்.ஆர். அதுவும் அநேக டி.வி.களில் ஊமை.

உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசி போட்டு மாதிரி பார்ப்பதுபோல் இதற்கும் வழி உண்டு. வி.எல்.சி. என்று ஒரு இலவசப் புரோகிராம் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது, 2001-லிருந்து யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். கம்ப்யூட்டரில் அதில் வீடியோவை ஓடவிட்டு, டூல்ஸ் என்ற பட்டியலில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்தால் படம் ஒரு வரிசை, ஒலி ஒரு வரிசை என்று காட்டும். ஒலி வரிசையில் கோடெக்கின் பெயர் இருக்கும். ஒலி வரிசையே இல்லையென்றால் அந்த வீடியோவில் சத்தம் ஏறவே இல்லை என்று பொருள். எந்த டி.வி. வாங்கினாலும் பேசாது.

ஒன்றைக் கவனிக்கவும். வி.எல்.சி. ஏறக்குறைய எல்லா முறைகளையும் தானே பிரித்துவிடும். ஸ்டுடியோக்காரர் தன் கம்ப்யூட்டரில் அதில் போட்டுக் காட்டி, "பாருங்க, சத்தம் வருது" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் டி.வி.யில் வரும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

நண்பரின் மூன்று வீடியோக்களையும் என் மகன் கம்ப்யூட்டரில் போட்டான். கல்யாண வீடியோ இரண்டிலும் பி.சி.எம். என்று வந்தது. கம்ப்யூட்டரில் மேளச் சத்தம் கணீரென்று கேட்டது. கடை திறப்பு வீடியோவில் ஒலி வரிசை இருந்தது, ஆனால் ஒலி அளவை முழுவதும் ஏற்றியும் லேசான இரைச்சல் தவிர ஒன்றும் இல்லை. ஆக ஒரே வீட்டில், ஒரே பென் டிரைவில், இரண்டு வகை நோய்.

முதல் வகைக்கு மருந்து சுலபம். உங்களுடையது ஆண்ட்ராய்டு வகை டி.வி. என்றால், அதிலேயே வி.எல்.சி.யை இறக்கி அதன் வழியாகப் பென் டிரைவைத் திறந்தால் அநேகமாக அப்போதே பேசும். இல்லையென்றால் சத்தப் பொட்டலத்தை மட்டும் ஏ.ஏ.சி. முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கு ஏவிடெமக்ஸ் என்று ஒரு இலவசப் புரோகிராம். வீடியோ அவுட்புட் என்ற இடத்தில் காப்பி, ஆடியோ அவுட்புட் என்ற இடத்தில் ஏ.ஏ.சி., அவுட்புட் ஃபார்மட் என்ற இடத்தில் எம்.பி.4 மக்சர் என்று வைத்து வேறு பெயரில் சேமித்தால் போதும். படத்தைத் தொடாததால் தரம் குறையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். படத்தையும் டி.வி. ஏற்காத பழைய முறை என்றால் ஹேண்ட்பிரேக் என்ற புரோகிராம். அது படத்தையும் சேர்த்து மாற்றும், நேரம் பிடிக்கும். இரண்டிலும் பழைய வீடியோவை அழிக்காமல் வைத்துக்கொள்ளவும். சுருக்காத பி.சி.எம். சத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 690 எம்.பி. இடம் பிடிக்கும். ஏ.ஏ.சி. 160 கே.பி.பி.எஸ். அளவில் 72 எம்.பி.தான். பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் அது தாராளம்.

சத்தம் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வருகிறது என்றால், பழைய வி.சி.ஆரில் ஒரே ஒரு ஆடியோ துளை இருந்து, ஏற்றியவர் வெள்ளை வயரை மட்டும் செருகியிருப்பார். மாற்றும்போது மோனோ என்று தேர்ந்தெடுத்தால் இரு பக்கமும் வந்துவிடும்.

கேசட்டுக்குத் திரும்பிப் போவது

இரண்டாவது வகைதான் கவலை தருவது. ஏற்றும்போது வி.சி.ஆரிலிருந்து மூன்று வயர்கள் போகும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. மஞ்சளை மட்டும் செருகி, கம்ப்யூட்டரை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால் மூன்று மணி நேரக் கேசட்டும் ஊமையாக ஏறிவிடும். கம்ப்யூட்டரில் ஒலி எடுக்கும் வழியைத் தவறாகத் தேர்ந்தாலும் இப்படித்தான். மைக்கின் இரைச்சல் மட்டும் பதிவாகும். இதற்கு எந்தப் புரோகிராமும் மருந்தல்ல. கேசட்டை மறுபடி ஓட்ட வேண்டும், அதற்குக் கேசட் கையில் இருக்க வேண்டும்.

நண்பர் அந்தக் கேசட்டுகளைத் திரும்ப வாங்கவே இல்லை. "இனிமே எதுக்கு அண்ணே அந்தக் குப்பை, அங்கேயே போடச் சொல்லிட்டேன்" என்றார். அன்று மாலையே இருவரும் போனோம். மற்ற கேசட்டுகளோடு ஒரு அட்டைப் பெட்டியில் பழைய சாமான்காரருக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். இருந்தது நமது அதிர்ஷ்டம். கடைப் பையன் மரியாதையாகவே மறுபடி ஓட்டிக் காட்டினான். வெள்ளை வயர் செருகியதும் பேச்சு வந்தது. புதிதாகப் பணம் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓட்டும் இயந்திரமும் இனிப் புதிதாகக் கிடைக்காது. வி.எச்.எஸ். முறை ஜப்பானில் 1976-ல் வந்தது. நம் நாட்டில் 1982 ஆசிய விளையாட்டை ஒட்டிக் கலர் டி.வி. வந்த பிறகு பரவியது. கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானியக் கம்பெனியான ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இப்போது ஓடுபவை எல்லாம் பழையவை. ஹெட் தேய்ந்தால் மாற்று உதிரி தேடி அலைய வேண்டும்.

கேசட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரை அங்குல நாடாவில் படம் நடுவில் சாய்வுக் கோடுகளாகப் பதிகிறது. சாதாரண ஒலியோ நாடாவின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாக ஓடுகிறது. நாடா போகும் வேகமும் குறைவு: பாட்டு கேசட் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடினால், இது 2.34 சென்டிமீட்டர்தான். அதனால்தான் அந்தக் காலக் கல்யாண வீடியோவில் பேச்சு கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். ஓரம் கசங்கினாலோ பூஞ்சை பிடித்தாலோ படம் நன்றாக இருந்தும் சத்தம் போய்விடும். பரணில் வெயிலும் தூசியும் படக் கிடந்தவற்றை அப்படியே வி.சி.ஆரில் தள்ளாமல், மேலே ஜன்னல் வழியாக வெள்ளைப் படலம் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுக்கவும். பூஞ்சைக் கேசட் ஒன்று ஓடினால் இயந்திரத்தையும் கெடுத்து, அடுத்த கேசட்டையும் கெடுக்கும்.

இனி ஏற்றக் கொடுப்பவர்கள் சரக்கு ஆர்டர் எழுதுவதுபோல் பில்லிலேயே எழுதி வாங்கவும்: எம்.பி.4, படம் எச்.264, ஒலி ஏ.ஏ.சி. ஸ்டீரியோ, கேசட் திருப்பித் தரப்படும். வாங்கும்போது ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் உங்கள் டி.வி.யிலேயே போட்டுக் கேட்டுவிட்டு மீதிப் பணம் கொடுக்கவும். ஆரம்பத்தில் மட்டும் கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

நண்பரின் கடை திறப்பு வீடியோ இப்போது டி.வி.யில் பேசுகிறது. முழுவதும் அல்ல. முதல் நான்கு நிமிடம் நாடாவின் ஓரம் கசங்கியிருந்ததால் பூஜையின் மணியும் மந்திரமும் போய்விட்டன. அதற்குப் பிறகு தகப்பனார் கல்லாவில் முதல் பில் போட்டு, "சில்லறை எண்ணிக் கொடுடா, தூக்கிப் போடாதே" என்று மகனை அதட்டுவது தெளிவாகக் கேட்கிறது. அந்த அம்மா அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை போடச் சொன்னார்களாம்.